லிவிங் வில் காப்பியை வாங்கிக்க ஒரு ஆளை சொல்லுங்க: எங்க நகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு வணக்கம்.

மூணாவது தடவையா உங்க ஆபீஸ் படி ஏறி வெறுங்கையோட திரும்பி வந்து இதை எழுதறேன். லிவிங் வில்னா, இனி பொழைக்க வழியில்லன்ற நெலமையில உயிரை இழுத்துப் பிடிக்கற சிகிச்சை வேணாம்னு முன்கூட்டியே எழுதி வெக்கறதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அது செல்லும்னு 2018 மார்ச்ல வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, மாஜிஸ்திரேட்டுகிட்ட போக வேணாம் ரெண்டு சாட்சியோட நோட்டரியோ கெசட்டட் ஆபீசரோ போதும்னு 2023 ஜனவரியில அதை சுலபமாக்கினது, எல்லாம் உங்களுக்கு தெரிஞ்சிருக்கும். எழுதினவங்க ஒரு காப்பியை உள்ளாட்சியில இதுக்குன்னு இருக்கற அதிகாரிகிட்ட குடுக்கணும், அவர் பத்திரமா வெச்சிருக்கணும்னு அதுலயேதான் இருக்கு. அந்த அதிகாரி யாருங்க? நான் கேக்கறது இவ்வளவுதான்.

போன வாரம் வீட்டு வரி கட்டற வரிசையில ஒரு மணி நேரம் நின்னு கவுன்ட்டருக்கு போனேன். "உயிலா, அது பத்திர ஆபீஸ்ம்மா"ன்னாங்க. இல்லம்மா இது சொத்து உயில் இல்ல, இனி பொழைக்க வழியில்லன்னு டாக்டருங்க முடிவு பண்ற நெலமையில, எனக்கு வாய் திறந்து சொல்லவும் முடியாதப்ப, வென்டிலேட்டர் வேணாம் டயாலிசிஸ் வேணாம்னு நான் இப்பவே எழுதி வெக்கறதுன்னு சொன்னேன், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கேக்கலைன்னு சத்தமா ரெண்டு தடவை சொன்னேன். பின்னாடி வரிசையே அமைதியாயிடுச்சு. அந்த பொண்ணு குரலை தாழ்த்தி "வீட்ல ஏதும் பிரச்னையாம்மா, பையன் சரியா பாத்துக்கறதில்லையா"ன்னு கேட்டுச்சு. அந்த பொண்ணு மேல எனக்கு கோவமே இல்ல, நல்ல மனசோடதான் கேட்டுச்சு, அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல அவ்வளவுதான். ஆனா 61 வயசுல என் சாவை பத்தி முன்னபின்ன தெரியாதவங்க நடுவுல கத்தி விளக்கிட்டு நின்னேனே, அது என்னால மறக்க முடியலங்க. வரிசையில இருந்த ஒருத்தர் "தலைக்கூத்தல் மாதிரியா"ன்னு கேட்டார். எங்க பக்கத்துல அந்த வார்த்தைக்கு, படுத்த படுக்கையான வயசானவங்களை வீட்டுக்காரங்களே எண்ணெய் தேய்ச்சு குளிப்பாட்டி சாகடிக்கறதுன்னு அர்த்தம்னு உங்களுக்கு தெரியும். அதுல முடிவு எடுக்கறது மத்தவங்க. இதுல முடிவு என்னோடது, அதையும் ரெண்டு மருத்துவ குழு பாத்து ஒத்துக்கிட்டாத்தான் நடக்கும், வலிக்கு மருந்து குடுக்கறதை யாரும் நிறுத்தப் போறதும் இல்ல.

எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்னா எங்க அப்பா. "இழுத்துக்கிட்டு கெடக்க விட்றாதீங்க"ன்னு எங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டுதான் இருந்தார், வாயால. ஸ்ட்ரோக் வந்து ஐசியுல 23 நாள் கெடந்தார். டாக்டர் கேட்டது ஒரே கேள்வி, எழுதி வெச்சிருக்காரா? இல்ல. தம்பி எல்லாம் பண்ணுங்கன்னான், நான் போதும்னேன், அந்த வார்த்தைக்காக அவன் இன்னிக்கு வரைக்கும் எங்கிட்ட பேசறதில்ல. கடைசியில ஒரு சொட்டு பால் ஊத்தலாம்னா வாயில குழாய், ஒதட்டுல தொட்டு வெச்சிட்டு வந்தேன்.

அப்படியும் நான் சட்டுனு முடிவு பண்ணிடல, ரெண்டு வருஷம் யோசிச்சேன். பொழைக்க வேண்டிய நேரத்துலயும் இந்த பேப்பரை காட்டி கைவிட்டுடுவாங்களோன்னு பயம் இருந்துச்சு, பொண்ணு வேற அழுதா. மனசு மாறினா எப்ப வேணாலும் எழுதிக் குடுத்து ரத்து பண்ணிக்கலாம்னு தெரிஞ்சப்புறம்தான் தைரியம் வந்துச்சு. டைப் பண்ணி சாட்சிக்கு ஆளும் பாத்தாச்சு, கையெழுத்து மட்டும் பாக்கி. போட்டு பீரோவுல வெச்சா, நான் நினைவில்லாம கெடக்கறப்ப யார் போய் தேடி எடுப்பா? அப்பா வாயால சொன்னதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? நீங்க வாங்கி வெச்சாத்தாங்க அந்த கையெழுத்துக்கு மதிப்பு.

கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை மனு நாள்லயும் குடுத்தேன், அது சுத்தி உங்க ஆபீஸுக்கே "உரிய நடவடிக்கைக்காக"ன்னு வந்திருக்கு. மகாராஷ்டிராவுல இதுக்குன்னு உள்ளாட்சிகள்ல ஆளே நியமிச்சிருக்காங்க, தீர்ப்பை அமல்படுத்தச் சொல்லி கர்நாடகா சுகாதாரத்துறை 2025 ஜனவரியில உத்தரவு போட்டுடுச்சு. ஆஸ்பத்திரிக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் முன்னோடின்னு பேர் வாங்கின நம்ம ஊர்ல ஒரு காப்பியை வாங்கி சீல் வெக்க ஆள் இல்லையா? வயசானவங்களை எத்தனை தடவைதான் இந்த படி ஏற வெப்பீங்க, முதியோர் பென்ஷனுக்கும் இதே அலைச்சல், பட்டா மாத்தறதுக்கும் இதே அலைச்சல்... மன்னிக்கணும், கோவத்துல எங்கயோ போயிட்டேன்.

தயவுசெஞ்சு ஒரு அதிகாரியை நியமிங்க, காப்பியை வாங்கிக்கிட்டு ரசீது குடுக்க சொல்லுங்க, கவுன்ட்டர்ல இருக்கற பிள்ளைங்களுக்கு இது என்னன்னு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்க. யாரை பாக்கணும்னு என் மனுவுக்கு ஒரு வரி பதில் போட்டா போதும், அன்னிக்கு சாயங்காலமே நோட்டரி முன்னாடி கையெழுத்து போட்டுட்டு மறுநாள் காலையில காப்பியோட வர்றேன்.

இப்படிக்கு,
உங்க நகராட்சிக்கு 30 வருஷமா வரி கட்டற ஒரு அம்மா