ஐந்து சிவப்பு விளக்குகள்: விடியற்காலை ஓட்டுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டச் சாலைகளில் விடியற்காலை ஐந்து முதல் ஏழு மணி வரை பஸ், லாரி, வேன், கார், ஆட்டோ, மொபட் ஓட்டும் அண்ணாச்சிமார்க்கும் தம்பிமார்க்கும் வணக்கம்.

உங்களுக்கு எங்களைத் தெரியும். முகம் தெரியாது, முதுகு தெரியும். செவ்வாய், வியாழன், ஞாயிறு ஆகிய மூன்று நாட்களும் நாகர்கோவில் வடசேரியிலிருந்து புறப்படும் ஐந்து சைக்கிள்கள் நாங்கள். ஒருவர் பள்ளி ஆசிரியர். ஒருவர் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறவர். ஒருவர் லைன்மேனாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன். ஒருவர் செவிலியர், எட்டு மணிக்குப் பணிக்குப் போயாக வேண்டியவர். ஐந்தாவது ஆள் நான். சின்னதாக ஓர் அச்சகம் வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருக்கிறேன். முகூர்த்த மாதங்களில் கண்ணும் இடுப்பும் மாலைக்குள் போய்விடும் தொழில்.

இந்த மடலில் உங்கள்மேல் ஒரு குறை இருக்கிறது. அதை முதல் வரியிலேயே வைத்தால் நீங்கள் மேலே படிக்க மாட்டீர்கள். வீட்டில் சுகமாகத் தூங்க வேண்டிய நேரத்தில் எதற்காக உங்கள் வழியில் வந்து நிற்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாலரைக்கு எழுவது தண்டனைதான். அதில் பொய் சொல்ல ஒன்றுமில்லை. முதல் இரண்டு கிலோமீட்டர் யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஒழுகினசேரிப் பாலத்தில் பழையாற்றின் ஈரக் காற்று முகத்தில் அடித்த பிறகுதான் ஒவ்வொருவராக மனிதர்கள் ஆகிறோம். தோவாளையை நெருங்கும்போது கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும், ஊர் வந்துவிட்டது என்று. சந்தையில் பிச்சியும் மல்லியும் அரளியும் மூட்டை மூட்டையாக இறங்கிக்கொண்டிருக்கும். ஓணம் சமயத்தில் கேரளத்து வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையில் நீங்களும் நின்றிருப்பீர்கள். ஆனால் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே இருக்கிறவருக்கு அந்த மணம் பாதிகூடக் கிடைக்காது.

சத்தமும் அப்படித்தான். ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில், ஒரே சாலையில், பள்ளிவாசல் பாங்கு, கோயில் ஒலிபெருக்கியின் பக்திப் பாட்டு, தேவாலய மணி, ஏதோ ஓர் அய்யாவழிப் பதியிலிருந்து உகப்படிப்பு என்று ஒன்று தேய ஒன்று எழும். சைக்கிளுக்கு எஞ்சின் கிடையாது என்பதால் ஒன்றைக்கூட விடாமல் கேட்கிறோம். கன்னிப்பூ நெல் அறுவடைக் காலத்தில் வயலோரம் ஈர வைக்கோல் மணக்கும். அதே வைக்கோலைச் சாலையில் பரப்பிவிட்டால் எங்கள் சக்கரம் வழுக்கும். இரண்டும் சேர்ந்ததுதான் நாஞ்சில் நாடு.

மலைப்பக்கம் போகும் நாட்கள் வேறு மாதிரி. இறச்சகுளம், திட்டுவிளை தாண்டித் தடிக்காரன்கோணத்தை நெருங்கினால் ரப்பர் தோட்டம் தொடங்கிவிடும். உள்ளே கும்மிருட்டில் சின்னச் சின்ன வெளிச்சங்கள் மரத்துக்கு மரம் தாவும். முதல் தடவை பார்த்தபோது ஆசிரியருக்கே சற்று உதறல் எடுத்தது. பால் வெட்டுகிறவர்கள்தாம், நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு. வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் அழுத்தம் குறைந்து பால் ஒழுகுவதும் குறையும், அதனால்தான் விடியுமுன் வெட்டுகிறார்கள் என்று ரப்பர்காரர் விளக்கினார். அன்றிலிருந்து எங்களைவிட முன்னதாக எழுந்தவர்கள் அந்தக் காட்டுக்குள் இருக்கிறார்கள் என்ற நினைப்பில், தூக்கம் போச்சு என்று நான் அலுத்துக்கொள்வதில்லை. அவர்களுக்கு அது கூலி, எங்களுக்கு இது உல்லாசம். அந்த வித்தியாசம் எங்களுக்குத் தெரியும். உங்களைப் பற்றியும் அப்படித்தான் நினைக்கிறோம்: நீங்கள் வேலையாகப் போகிறீர்கள், நாங்கள் விளையாட வந்திருக்கிறோம்.

நேரம் குறைவாக இருக்கும் நாட்களில் மணக்குடிதான். காயலில் பழையாறு கடலைத் தொடும் இடத்தில், உப்பளப் பாத்திகளில் வானம் சிவப்பாக விழுந்து கிடக்கும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அங்கிருந்த பழைய பாலத்தை அடித்துக்கொண்டு போனது. இப்போதிருக்கும் பாலத்தைக் கடக்கும்போது நாங்கள் ஐந்து பேரும் ஏனோ பேச்சை நிறுத்திவிடுகிறோம். யாரும் சொல்லி வைத்துச் செய்வதில்லை. தை மாதத்தில் ஆறரைக்கு மேல்தான் சூரியன் வரும்; அதுவரை பாலத்தருகே நின்று மட்டிப்பழம் தின்போம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் இது. சட்டைப்பைக்குள் இரண்டு அடங்கும். சைக்கிள்காரனுக்கென்றே காய்த்தது போல இருக்கும். திரும்பும் வழியில் புட்டும் பயறும் பப்படமும். ரசவடை கிடைத்தால் செவிலியர் முதலில் கை நீட்டுவார். எண்ணெய்ப் பண்டத்தைப் பற்றி எங்களுக்குப் போதிக்கிறவரும் அவரேதான். கடைக்காரர் வாரம் தவறாமல் கேட்பார்: “இந்த வயதில் இதெல்லாம் தேவையா மக்களே?”

ஆனால் பூவும் காயலும் புட்டும் மட்டுமென்றால் தனியாகவே போய்வரலாம். ஐந்து பேராகப் போவது பேசுவதற்காக.

சைக்கிளில் இணையாகப் போகும் இருவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. இருவர் கண்ணும் சாலையில் இருக்கும். கால்கள் ஒரே தாளத்தில் சுற்றும். மூச்சு வாங்குவதால் வாக்கியங்கள் சின்னதாக வரும். நடுவில் ஓர் ஏற்றம் வந்தால் ஐந்து நிமிடம் மௌனம். அந்த மௌனம் யாருக்கும் சங்கடமாக இருக்காது. தேநீர்க் கடையில் எதிரெதிரே உட்கார்ந்தால் வாயில் வராத விஷயங்கள் இங்கே தானாக வரும். ரப்பர்காரர் தன் கடனைப் பற்றி என்னிடம் சொன்னது திட்டுவிளைச் சாலையில். நான் அச்சகத்தை மூடிவிடலாமா என்று முதன்முதலாகக் கேட்டது மணக்குடிச் சாலையில், ஆசிரியரிடம். “ஏறி முடித்துவிட்டுச் சொல்கிறேன்” என்றார். ஏறி முடித்ததும் மறந்துவிட்டார். அதுவும் நல்லதாகத்தான் முடிந்தது.

இனி அந்தக் குறைக்கு வருகிறேன்.

போன ஆடி மாதம் ஒருநாள். ஆரல்வாய்மொழியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். ஆடிக்காற்று கணவாயை நோக்கி மேற்கிலிருந்து தள்ளும் காலம்; போகும்போது முதுகில் கை வைத்து யாரோ உந்துவது போல இருக்கும். மற்ற மூவரும் முன்னால் போய்விட்டார்கள். அண்ணனும் நானும் இணையாக. டயரில் எவ்வளவு காற்று வைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தவர், குரலை மாற்றாமலே, “மதினிக்குப் போன வாரம் ஸ்கேன் எடுத்தோம்” என்றார். அடுத்த வாக்கியத்துக்காக நான் தலையைச் சாய்த்தேன். சரியாக அந்த நேரத்தில், காதுக்கு நாலடி பின்னால், ஒரு நீளமான ஏர் ஹாரன். அண்ணன் உதறிப்போய்த் தார் விளிம்பிலிருந்து மண்ணுக்கு இறங்கிவிட்டார். விழவில்லை. வண்டி ஒரு கை இடைவெளியில் எங்களை உரசாத குறையாகப் போனது. எண்ணை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் இங்கே எழுதப் போவதில்லை.

அவர் குனிந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். “வா, முன்னால் காத்திருப்பார்கள்” என்றார். அந்த வாக்கியத்தை அவர் மறுபடி எடுக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து வேறொருவர் சொல்லித்தான் மீதியைத் தெரிந்துகொண்டேன். மதினி இப்போது நலமாக இருக்கிறார். ஆனால் அந்த மூன்று மாதமும் அண்ணன் தனியாகச் சுமந்தார் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நெடுஞ்சாலையில் இணையாகப் போனது எங்கள் பிழை. அதை மறைக்கவில்லை. எதிரே ஒரு வண்டியும் இல்லை, வலப்பக்கம் தாராளமாக இடம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், அவ்வளவுதான். தூரத்திலிருந்தே ஒரு சின்ன ஹாரன் தட்டியிருந்தால் நான் பின்வாங்கி அண்ணன் பின்னால் ஒட்டிக்கொண்டிருப்பேன். நூறு மீட்டருக்கு அப்பால் கேட்கும் ஹாரன் செய்தி. காதருகே கேட்பது அடி.

“விளிம்போரமாகப் போக வேண்டியதுதானே” என்று சிலர் கடக்கும்போது சத்தம் போடுகிறீர்கள். விளிம்பில் என்ன இருக்கிறது என்று ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மணல் திட்டு, உடைந்த பாட்டில், மழை கழுவிக் கொண்டுவந்த சல்லி. தாருக்கும் மண்ணுக்கும் நடுவில் நாலு விரல் பள்ளம். வடிகால் மூடியின் கம்பிகள் சாலையின் போக்கிலேயே நீளவாக்கில் போட்டிருந்தால் எங்கள் சக்கரம் அப்படியே உள்ளே இறங்கும். 28 மில்லிமீட்டர் அகலந்தான் அந்த டயர். ஆகவே விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே ஓட்டுகிறோம். திமிரினால் என்று நினைத்துவிட வேண்டாம்.

காற்றைப் பற்றியும் டாரஸ் லாரிக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆரல்வாய்மொழியிலிருந்து திரும்பும்போது அதே ஆடிக்காற்று நெஞ்சுக்கு நேராக வரும். அப்போது ஒருவர் பின் ஒருவராக, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் ஒரு முழ இடைவெளி விட்டு ஓட்டுவோம். முன்னால் போகிறவர் காற்றைக் கிழிப்பதால் பின்னால் வருகிறவருக்கு வேலை கால் பங்குக்கு மேல் குறையும். முறை வைத்து முன்னுக்கு மாறிக்கொள்வோம். (என் முறை எப்போதும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது, அண்ணன் கண்டுகொள்வதில்லை.) இந்த நேரத்தில் ஒரு பெரிய வண்டி நெருக்கமாகக் கடந்தால், அதன் மூக்கு தள்ளும் காற்று முதலில் எங்களை வெளியே தள்ளும், வண்டியின் நீளம் முழுக்க ஒதுங்கியது போல இருக்கும், வால் கடந்ததும் உள்ளே இழுக்கும். மூன்றும் சில நொடிகளுக்குள். ஒருவர் தடுமாறினால் ஐந்து பேரும் விழுவோம். உங்கள் ஸ்டியரிங்கில் இதில் ஒன்றுமே தெரியாது, அதனால்தான் எழுதுகிறேன். கடக்கும்போது அடுத்த பாதிக்கு முழுதாக ஏறிக் கடந்தால் போதும். எதிரே வண்டி வந்தால் அரை நிமிடம் எங்கள் பின்னால் பொறுங்கள். எதிரே வருகிறவர்கள் உயர்வெளிச்சத்தைத் தாழ்த்துங்கள். அது கண்ணில் பட்டால் அடுத்த குழி எங்களுக்குத் தெரிவதில்லை.

எங்கள் பக்கத்துக் கணக்கையும் வைத்துவிடுகிறேன். ஒருமுறை ஒரு வளைவில் மூன்று பேர் இணையாகச் சிரித்துக்கொண்டே போய், பால் வேன் ஒன்றை ஒரு கிலோமீட்டருக்கு மறித்துவிட்டோம். ஓட்டுநர் கடந்து நிறுத்தி, இறங்கி வந்து, கிழித்தார். பால் கெட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார். பதில் இல்லை. அன்றிலிருந்து மூவர் இணையாகப் போவது கிடையாது. வளைவிலும் நெடுஞ்சாலையிலும் ஒற்றை வரிசை. இருவர் இணைவது ஆளில்லாத கிளைச் சாலைகளில் மட்டும். பேச்சு இருந்தால் மணக்குடிக்கு. ஆரல்வாய்மொழிக்குப் போனால் வாயை மூடிக்கொண்டு மிதிப்பது. இது எங்களுக்கு நட்டம்தான், ஏற்றுக்கொண்டோம்.

உங்களில் ஒருவருக்குத் தனியாக ஒரு வரி. கார்த்திகை மாதம், நல்ல மழை விட்ட நேரம், தோவாளைக்கும் வெள்ளமடத்துக்கும் நடுவில் செவிலியரின் முன்விளக்கும் என்னுடையதும் ஒன்றாக அணைந்துவிட்டன. பின்னால் வந்த லாரி ஒன்று கடக்காமல், விளக்கைத் தாழ்த்தி, எங்கள் வேகத்துக்கே ஊர்ந்து வந்தது. எங்களுக்கு முன்னால் சாலை முழுக்க வெளிச்சம். குழிகளில் தேங்கிய தண்ணீர் பளபளத்தது. எங்கள் நிழல்கள் நீளமாக முன்னால் ஓடின. தெருவிளக்கு வரும்வரை அப்படியே வந்துவிட்டு, இரண்டு சின்ன ஹாரன் தட்டிவிட்டு நீங்கள் போய்விட்டீர்கள். நாங்கள் கையைத் தூக்கினோம். கண்ணாடியில் தெரிந்ததோ இல்லையோ.

வருகிற ஞாயிறு ஐந்தே காலுக்கு வடசேரியிலிருந்து கிளம்பி இறச்சகுளம் வழியாகக் கீரிப்பாறைக்குப் போகிறோம். பின்னாலிருந்து பார்த்தால் ஐந்து சிவப்பு விளக்குகள் தெரியும். கடப்பதற்கு முன் ஒருமுறை எண்ணிக்கொள்ளுங்கள். நான்குதான் இருக்கிறது என்றால் கொஞ்சம் பொறுங்கள். ஐந்தாவது ஆள் உங்களுக்குப் பின்னால், தடிக்காரன்கோணம் ஏற்றத்தில், இன்னும் மிதித்துக்கொண்டிருப்பார். அது நான்.

அன்புடன்,
வடசேரியிலிருந்து ஓர் அச்சகக்காரன்