இரண்டு பாட்டில் எண்ணெய்

கடலூர் முதுநகர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஊட்டிக் குளிர் ஒத்துக்கொள்கிறதா? திங்கட்கிழமை பதினோராம் வகுப்புக்குச் செல் சவ்வு, அதாவது செல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறை, நடத்த வேண்டும், பிள்ளைகள் மனப்பாடம் செய்து மறந்துவிடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாய், போன் கட்டாகிவிட்டது. மீதியை எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் எனக்கும் கோர்வையாக வரும்.

போர்டில் இரண்டு கோடு போட்டு இதுதான் சவ்வு என்று சொல்லிவிடாதே. நான் பல வருஷம் அப்படித்தான் சொன்னேன். வீட்டுக்கு மதில் மாதிரி என்று விளக்கமும் கொடுத்தேன். மதில் கட்டிய இடத்தில் அசையாமல் நிற்கும். சவ்வு ஒரு நொடிகூட நிற்பதில்லை.

சவ்வுக்கு அடிப்படையான கொழுப்பு மூலக்கூறு, பாஸ்போலிப்பிடில் ஆரம்பி. ஒரு தலை, இரண்டு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், கொழுப்பாலான வாலுக்குப் பிடிக்காது. செல்லுக்கு வெளியேயும் தண்ணீர், உள்ளேயும் தண்ணீர். அப்படியானால் இவை எப்படி நிற்கும் என்று பிள்ளைகளையே கேள். தலைகள் இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்து நிற்க, வால்கள் நடுவில் ஒளிந்துகொள்ளும். யாரும் அடுக்க வேண்டாம், தானாகவே இரண்டடுக்கு ஆகிவிடும். புரதமும் சேர்த்து மொத்தக் கனம் 7, 8 நானோமீட்டர்தான்.

இந்த இரண்டடுக்கை 1925இல் ஹாலந்தில் கோர்ட்டரும் கிரெண்டலும் கண்டுபிடித்தார்கள். ரத்தச் சிவப்பணுவுக்குள் வேறு சவ்வே கிடையாது, அதனால் அதை எடுத்துக்கொண்டார்கள். அதன் கொழுப்பை அசிட்டோனால் பிரித்து, தண்ணீர் மேல் ஒரே அடுக்காகப் பரப்பி அளந்தால், அணுக்களின் மேற்பரப்பைப்போல இரண்டு மடங்கு வந்தது. உண்மையில் கொழுப்பு முழுவதும் பிரிந்து வரவில்லை, மேற்பரப்பையும் குறைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று ஈடுகட்டி விடை சரியாக வந்துவிட்டது. இதையும் மறைக்காமல் சொல்.

அப்புறம் எண்ணெய். இங்கே மார்கழிக் காலையில் மட்டும்தான் தேங்காய் எண்ணெய் உறையும், பாட்டிலை வெயிலில் வைப்போம். உனக்கு அங்கே அது உருகிப் பார்ப்பதே அபூர்வம். நல்லெண்ணெயோ அதே குளிரில் தண்ணீராக ஓடும். இரண்டு பாட்டிலையும் மேசைமேல் வை. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் பெரும்பாலும் நேரான வால்கள், நெருங்கி அடுக்கிக்கொள்ளும், உறைந்துவிடும். நல்லெண்ணெயில் பெரும்பாலான வால்கள் நடுவில் வளைந்தவை, நெருங்க முடியாது. இந்த எண்ணெய்கள் பாஸ்போலிப்பிடு இல்லை, ஆனால் வால்களின் கதை ஒன்றுதான். சவ்வில் இரண்டு வகை வாலும் கலந்திருக்கும். இடையிடையே கொலஸ்ட்ரால் புகுந்து, சூட்டில் அதிகம் இளகாமலும் குளிரில் இறுகாமலும் பார்த்துக்கொள்ளும். அப்பா குறைக்க மாத்திரை சாப்பிடுகிறாரே, அதே கொலஸ்ட்ரால்தான்.

புரதங்கள் இந்தக் கொழுப்பில் மிதக்கின்றன. 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் சொன்ன ஃப்ளூயிட் மொசைக் மாடல் இதுதான். உப்பனாற்றில் படகுகளைப் பார்த்திருக்கிறாயே, சில மிதந்து நகரும், சில நங்கூரம் போட்டு நிற்கும். சவ்விலும் அப்படித்தான். அதற்கு இரண்டு வருஷம் முன்பே ஃப்ரையும் எடிடினும் எலி செல்லையும் மனித செல்லையும் ஒன்றாக இணைத்தார்கள். எலியின் புரதத்துக்குப் பச்சை ஒளி, மனிதனுடையதற்குச் சிவப்பு. முதலில் பாதி பச்சை, பாதி சிவப்பு. உடல் சூட்டில் நாற்பதே நிமிஷத்தில் இரண்டும் முழுக்கக் கலந்துவிட்டன. குளிரவைத்தபோது கலக்கவில்லை. எண்ணெய்ப் பாட்டிலைக் காட்டிவிட்டு இதைச் சொன்னால் போதும், படமே வேண்டாம்.

சிவப்பணுவின் சவ்வில் ஏறக்குறைய 52 சதவீதம் புரதம், 40 சதவீதம் கொழுப்பு. மீதியில் சர்க்கரைகளும் உண்டு, வெளிப்பக்கத்தில் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். ஏ, பி ரத்த வகை என்பதே அந்தச் சர்க்கரையில் உள்ள வித்தியாசம்தான்.

இப்போது உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. 1988இல் என் வகுப்பில் ஒரு மீனவர் வீட்டுப் பெண் எழுந்து, "டீச்சர், நடுவில் எல்லாம் கொழுப்பு என்றால் தண்ணீர் எப்படி இவ்வளவு வேகமாக உள்ளே போகும்?" என்று கேட்டாள். பாடத்தில் இருப்பதைப் படி, உட்கார் என்றேன். அதற்கப்புறம் அவள் கேள்வியே கேட்கவில்லை. கொழுப்பு வழியாகத் தண்ணீர் மெல்லத்தான் கசியும். அந்த வேகத்துக்குக் காரணம் என்ன என்று அப்போது விஞ்ஞானிகளே தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் ஆக்ரே ஆர்ஹெச் ரத்த வகைப் புரதத்தைத் தேடப் போய், சிவப்பணுவில் வேறொரு புரதத்தைக் கண்டார். தவளை முட்டையில் அந்தப் புரதத்தை உண்டாக்கித் தண்ணீரில் போட்டதும் முட்டை வீங்கி வெடித்தது. 1992இல்தான் அது தண்ணீருக்கென்றே உள்ள வழி என்று உறுதியானது. பெயர் அக்வாபோரின். 2003இல் அவருக்கு நோபல் பரிசு. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்தபோது அவள் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஒரு பிள்ளை இதே கேள்வியைக் கேட்டால் பாடத்தை நிறுத்திவிட்டு அதையே பேசு. போர்ஷன் முடியாவிட்டால் பரவாயில்லை.

செக்கு நல்லெண்ணெய் அரை லிட்டர் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், சனிக்கிழமைக்குள் வந்துவிடும். மூடியை டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன், பிளேடால் கவனமாகப் பிரி. வகுப்பில் காட்டிய பிறகு மிச்சத்தைத் தலைக்கு வைத்து வெந்நீரில் குளி.

அன்புடன்,
அம்மா