பொம்மையைச் சுற்றி எல்லோரும் நிற்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மருத்துவக் கல்வியில் சிமுலேஷன் கருவிகளின் (நிஜ நோயாளிக்குப் பதிலாக வைத்துப் பழகும் பொம்மை போன்றவை) வரவு பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் செவிலியர் கல்லூரி ஆசிரியை. பயிற்சிக்கூடப் பொறுப்பும் என்னுடையதுதான். கருவிகளைப் பற்றிக் கட்டுரை நிறையவே சொன்னது. அந்தக் கருவியைச் சுற்றி யார் யார் சேர்ந்து நிற்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பயிற்சிப் பொம்மை புதிதல்ல. நார்வேயில் விளையாட்டுப் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்முன்ட் லேர்டால், ‘ரெசஸி ஆன்’ என்ற பொம்மையை 1960-இலேயே கொண்டுவந்துவிட்டார். இன்றைய பொம்மைக்குள் சென்சார் இருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு இதயம் நின்றுபோனால் மார்பை 5 செ.மீ.க்குக் குறையாமல், 6 செ.மீ.க்கு மிகாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். முன்பெல்லாம் அதை நாங்கள் கண்ணால் பார்த்துத்தான் “இன்னும் ஆழமா, இன்னும் வேகமா” என்று சொல்வோம். இப்போது திரையே காட்டிவிடுகிறது. கை தளர ஆரம்பித்ததும் மாணவியே கவனித்து அடுத்தவளிடம் இடத்தை விடுகிறாள். இதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

ஆனால் இதயம் நின்ற நோயாளியிடம் ஒருவர் மட்டும் வேலை செய்வதில்லை. ஒருவர் அழுத்துவார், ஒருவர் மூச்சு கொடுப்பார், ஒருவர் மருந்து ஏற்றுவார், இன்னொருவர் நின்று எல்லாவற்றையும் நடத்துவார். பயிற்சியில் என்ன நடக்கிறது? மருத்துவ மாணவர்கள் ஒரு நாள், செவிலியர் மாணவிகள் வேறொரு நாள். மருந்தியல் மாணவர்கள் அந்தப் பக்கம் வருவதே அபூர்வம். எங்கள் வகுப்பில் ஒரு மாணவி டாக்டராக நடிக்கிறாள். அவர்கள் வகுப்பில் ஒரு மாணவர் நர்ஸாக நடிக்கிறார். நிஜ டாக்டரும் நிஜ நர்ஸும் முதன்முதலில் சந்திப்பது நிஜ நோயாளியின் படுக்கையருகில்!

ஒருமுறை இரண்டு வகுப்பையும் சேர்த்துப் பயிற்சி நடத்தினோம். நடத்திய மருத்துவ மாணவர் “அட்ரினலின் கொடுங்க” என்றார். யாரிடம் சொன்னார், எவ்வளவு என்பது தெரியவில்லை. இதயத்தைத் தூண்டும் இந்த மருந்தை 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் கொடுக்க வேண்டும். முந்தைய டோஸ் போய் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. குறிப்பெழுதிய மாணவிக்கு அது தெரியும். ஆனாலும் வாய் திறக்கவில்லை. பிறகு எல்லோரும் உட்கார்ந்து வீடியோவைப் பார்த்தபோது ஏன் என்று கேட்டேன். “அவர் சொன்னப்புறம் நான் எப்படி மேடம் குறுக்கே பேசுறது?” என்றாள். அந்த மாணவர் உடனே, “நீங்க சொல்லியிருக்கணும், நேரத்தை நான் பார்க்கவே இல்லை” என்றார். அடுத்த சுற்றில் அவர் பெயர் சொல்லி, அளவு சொல்லி மருந்து கேட்டார். அவள் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுக் கொடுத்தாள், கொடுத்த நேரத்தையும் உரக்கச் சொன்னாள். எந்தச் சென்சாரும் இதைக் கற்றுத் தராது. வீடியோ உதவியது, உண்மைதான். ஆனால் அவர்கள் இருவரும் ஒரே அறையில் இருந்ததால்தான் அது உதவியது.

உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் 19 அம்சங்கள் உண்டு. கத்தி வைக்கும் முன் குழுவில் உள்ள எல்லோரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. பல நாடுகளைச் சேர்ந்த 8 மருத்துவமனைகளில் அந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது என்று 2009-இல் ஆய்வு வெளியானது. வெவ்வேறு துறை மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க வேண்டும் என்று அதே நிறுவனம் 2010-இல் ஒரு செயல்திட்டமே வெளியிட்டது.

சரி, ஏன் நடப்பதில்லை? கருவி வாங்கப் பணம் ஒதுக்குகிறார்கள், கூட்டுப் பயிற்சிக்கு நேரம் ஒதுக்குவதில்லை. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி கால அட்டவணை, தனித்தனி தேர்வு. பத்து நிமிடப் பயிற்சி என்றால் அதைப் பற்றிப் பேச அரை மணி நேரமாவது வேண்டும், பாடமே அங்கேதான் இருக்கிறது. அந்த அரை மணியைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். விலையுயர்ந்த பொம்மை துணி போர்த்திக் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

பாடத்திட்டம் வகுப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: மாதம் ஒரு பிற்பகலை எல்லாத் துறை மாணவர்களுக்கும் பொதுவாக ஒதுக்குங்கள். அதற்கு மதிப்பெண்ணும் கொடுங்கள். மதிப்பெண் இல்லையென்றால் தேர்வு நெருங்கும்போது யாரும் வரமாட்டார்கள். வேறு வளாகத்தில் படிக்கும் மருந்தியல் மாணவர் வீடியோ அழைப்பில் சேர்ந்து மருந்துச் சீட்டைச் சரிபார்க்கலாம். அதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு கைபேசி போதும்.

உங்கள் நிருபர் இதே விஷயத்தை மறுபடி எழுதுவதாக இருந்தால், செவிலியர், மருந்தியல் மாணவர்களிடமும் பேசிவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செவிலியர் கல்லூரி ஆசிரியை ஒருவர்