இரண்டு பாட்டோடு முடிகிறவர் இல்லை டாலி பார்ட்டன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகி டாலி பார்ட்டன் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இரண்டே பாட்டுகளைத்தான் அதில் சொல்லியிருந்தார்கள். ‘ஜோலீன்’, அப்புறம் விட்னி ஹூஸ்டன் பாடி உலகமெல்லாம் கொண்டுபோன ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’, அவ்வளவுதானா? 1967-ல் முதல் ஆல்பம் போட்டு, 2023-ல் ராக் ஆல்பம் வரைக்கும் வந்தவரை இப்படிச் சுருக்கியது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

மலையில் இருக்கிற நம்மைப் போன்றவர்கள் முதலில் கேட்க வேண்டியது 1973-ல் வந்த ‘மை டென்னசி மவுண்டன் ஹோம்’ (என் டென்னசி மலைவீடு) ஆல்பம். அட்டையில் அவருடைய முகம் இல்லை, சின்ன வயதில் குடியிருந்த மரவீடுதான் இருக்கிறது. ஆல்பமும் பாட்டோடு தொடங்குவதில்லை. பாடகியாக வேண்டும் என்று நாஷ்வில் நகரத்துக்குப் போன புதிதில் அம்மா அப்பாவுக்கு எழுதிய முதல் கடிதத்தை அவரே வாசிக்கிறார். கோத்தகிரிப் பக்கம் தேயிலைக்கு விலை இல்லாமல் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் இருக்கிற எந்த வீட்டிலும் அதைப் போட்டுக் காட்டலாம், ஆங்கிலம் பாதி புரிந்தாலே போதும். தான் பிறந்தபோது பிரசவம் பார்க்க வந்த டாக்டருக்குக் கூலியாக ஒரு மூட்டை சோளமாவு கொடுத்தார்கள் என்று சொல்வாரே, அந்த டாக்டர் பெயரிலேயே இதில் ஒரு பாட்டு உண்டு.

பாப், சினிமா என்று சுற்றிவிட்டு 1999-ல் ‘தி கிராஸ் இஸ் ப்ளூ’வில் மறுபடி பான்ஜோ, ஃபிடில், மாண்டலின் என்று தந்தி வாத்தியங்களோடு மலை இசைக்கே வந்தார். குரல் அப்படியே இருக்கிறது.

அடுத்த முறை ஒரே ஒரு ஆல்பத்தை எடுத்து, முதல் பாட்டிலிருந்து கடைசி வரை கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குன்னூர்