என்ன சுவர் என்று ஒருவரும் கேட்கவில்லை

அனுப்புநர்:
பில்லில் கண்ட பெயரும் முகவரியும் உடைய வாடிக்கையாளர்,
காந்தல், உதகமண்டலம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 20.01.2025

பொருள்: சுவரில் மாட்டும் மின்கணப்பைத் தவறாகப் பொருத்தியதால் பிளக் உருகியது, சுவர் பெயர்ந்தது, பணத்தைத் திரும்பத் தருவதும் மற்ற வீடுகளை உடனே சோதிப்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம்.

ஜனவரி 8ஆம் தேதி இரவு எட்டரை மணி இருக்கும். சாய்வு நாற்காலியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டிருந்த என் அம்மா, “யார் வீட்டில் கருவாடு சுடுகிறார்கள்?” என்று கேட்டார். யாரும் சுடவில்லை. வெளியே உறைபனி இறங்கிக்கொண்டிருந்த நேரம், தெருவில் ஒரு சன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. வாடை எங்கள் அறைக்குள்ளிருந்தே வந்தது. அம்மாவின் தலைக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில், உங்கள் கணப்பைச் சொருகியிருந்த பிளக் உருகிக்கொண்டிருந்தது.

சுவிட்சை அணைத்து, மெயினையும் இறக்கிவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளையாக இருந்த பிளக் பாயின்ட்டின் முகம் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்திருந்தது. வலது துளையைச் சுற்றிக் கருவளையம். பிளக்கைப் பிடுங்கப் பார்த்தேன், வரவில்லை. துணியைச் சுற்றி இழுத்தபோது, பாகு கம்பிப் பதத்தில் நீளுமே, அப்படி நூல் நூலாகப் பிளாஸ்டிக் நீண்டது. இழுத்த வேகத்தில் கணப்பு லேசாக ஆடியது. அப்போதுதான் அது இடதுபக்கம் இரண்டு அங்குலம் இறங்கியிருப்பதைக் கவனித்தேன். அந்தப் பக்கத் திருகாணிகள் இரண்டும் சுவரிலிருந்து பாதி வெளியே வந்திருந்தன. விரலால் தொட்டதும் ஒன்று கையோடு வந்துவிட்டது, கூடவே ஒரு பிடி சுண்ணாம்புக் காரையும் மண்ணும்.

இருபத்து நான்கு கிலோ எடையும் முன்புறம் முழுக்கக் கண்ணாடியும் கொண்ட ஒரு பொருள், எழுபத்தாறு வயதானவர் உட்காரும் இடத்துக்குப் பின்னால் அந்த நிலையில் தொங்கியது. அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் காயம் ஏற்படவில்லை. அதைச் சொல்லித்தான் உங்கள் ஊழியர் தொலைபேசியில் என்னைச் சமாதானப்படுத்த முயன்றார். நான் சமாதானமாகவில்லை.

இந்தக் கணப்பை நான் ஆசைக்காக வாங்கவில்லை. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காந்தலில் டிசம்பர், ஜனவரி மாத விடியற்காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல வெளுத்துக் கிடக்கும். எங்களுடையது பழைய வீடு. முன்னறையில் செங்கல் வைத்துக் கட்டிய கணப்பு ஒன்று இருந்தது. மழைத்தண்ணீர் இறங்குகிறது என்று அதன் புகைபோக்கியை எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் அடைத்துவிட்டார்கள். அதன்பின் அம்மா ஒரு இரும்புச் சட்டியில் கரியைப் போட்டு அறைக்குள் வைத்துக்கொள்வது வழக்கம். மூடிய அறையில் எரியும் கரி கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழாமல் போன செய்தியை மலையில் இருக்கிற நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்தச் சட்டியை அம்மாவிடமிருந்து வாங்கி வைக்கத்தான் உங்கள் பொருளை வாங்கினேன்.

யோசித்துத்தான் வாங்கினேன். எத்தனாலில் எரியும் சுவர்க் கணப்பையும் பார்த்தேன். அதற்குப் புகைபோக்கி வேண்டாம் என்றாலும் எரிவது உண்மையான தீ. அறையின் ஆக்சிஜனைத்தான் அது எடுத்துக்கொள்ளும், எனவே சன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். அடுப்பு முழுதாக ஆறுவதற்குள் எரிபொருளை ஊற்றினால் தீ குப்பென்று பிடித்துக்கொள்ளும். வயதானவர் பகலில் தனியாக இருக்கிற வீட்டுக்கு அது ஆகாது என்று விட்டுவிட்டேன். உங்களுடையதில் தீயே கிடையாது. சுவாலைபோலத் தெரிவது எல்.இ.டி. வெளிச்சம், சூடு தருவது உள்ளே இருக்கிற சுருளும் காற்றாடியும். எங்கள் அறை பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி, அதாவது 168 சதுர அடி. சதுர அடிக்குப் பத்து வாட் என்ற பொதுக்கணக்கில் 1,680 வாட் தேவைப்படும். 1,000, 2,000 என்று இரண்டு நிலைகள் உள்ள உங்கள் மாடல் சரியாக இருக்கும் என்று முடிவு செய்தேன். முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு யூனிட். இரண்டு மாத மின்கட்டணம் எவ்வளவு கூடும் என்பதையும் கணக்குப் போட்டுவிட்டுத்தான் உங்கள் இணையதளத்தில் ரூ.38,500 கட்டினேன். பொருத்தித் தருவதற்கு ரூ.1,500 தனியாகக் கொடுத்தேன். நானே ஆள் வைத்து மாட்டிக்கொள்ளலாம் என்றும் உங்கள் பக்கத்தில் இருந்தது. தெரிந்தவர்கள் வந்து செய்யட்டும் என்றுதான் உங்கள் ஆளைக் கேட்டேன்.

ஆர்டர் கொடுக்கும்போது நீங்கள் என்னிடம் கேட்டவை: கறுப்பா வெள்ளையா, ஐம்பது அங்குலமா அறுபதா, கூழாங்கல் வேண்டுமா விறகுக்கட்டை வேண்டுமா. மாட்டப் போகிற சுவர் எதனால் கட்டியது, பக்கத்தில் எத்தனை ஆம்பியர் பாயின்ட் இருக்கிறது, அதற்கு வரும் கம்பி என்ன கனம் என்று இணையதளத்திலும் கேட்கவில்லை, தொலைபேசியிலும் கேட்கவில்லை, வீட்டுக்கு வந்தும் கேட்கவில்லை.

நவம்பர் 27ஆம் தேதி உங்கள் ஆள் வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “எங்கே மாட்ட வேண்டும் பாட்டி?” என்று கேட்டிருக்கிறார். அம்மா அறையின் நடுச்சுவரைக் காட்டியிருக்கிறார். ஒயர் அங்கிருந்து பிளக் பாயின்ட்டுக்கு எட்டவில்லை. “இங்கே வைத்துவிடலாம் பாட்டி, பக்கத்திலேயே கரன்ட் இருக்கிறது” என்று பாயின்ட்டுக்கு நேர் கீழே மாட்டிவிட்டார். அது சின்ன பாயின்ட், 6 ஆம்பியர். கணப்போடு வந்ததோ 16 ஆம்பியரின் பெரிய பிளக். தன் பையிலிருந்து ஒரு கன்வெர்ட்டரை எடுத்து இடையில் சொருகியிருக்கிறார். நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. வேலை முடிந்ததற்கான எண் என் கைபேசிக்கு வந்தது. இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் அதை அவருக்குச் சொன்னவள் நான்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கு வருத்தப்படுகிறேன்.

நான் அறிவியல் ஆசிரியை. பத்தாம் வகுப்புக்கு ஜூல் வெப்ப விதியை ஆண்டுதோறும் நடத்துகிறேன். 2,000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர் வருகிறது. 6 ஆம்பியருக்குச் செய்த பாயின்ட்டில் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மின்னோட்டம். சூடோ மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்துக் கூடும், ஆகவே தொடுமுனையில் பிறக்கும் வெப்பம் இரண்டு மடங்கையும் தாண்டிவிடும். கன்வெர்ட்டர் வந்ததால் ஒரு தொடுமுனைக்கு இரண்டு தொடுமுனை ஆயிற்று. தளர்வாக இருந்தால் இன்னும் மோசம். இதோடு நிற்கவில்லை. உங்கள் மாடலில் சூடான காற்று மேல் விளிம்பு வழியாகத்தான் வெளியே வருகிறது. பாயின்ட்டுக்கு நேர் கீழே மாட்டியதால், ஏற்கனவே கொதித்துக்கொண்டிருந்த பிளக்கின்மேல் அந்தக் காற்று மணிக்கணக்கில் அடித்தது. அறைச் சூடேற்றி எதையும் பிளக் பாயின்ட்டுக்கு நேர் கீழே வைக்கக் கூடாது என்பது உலகம் முழுவதும் உள்ள அடிப்படை விதி. உங்கள் கையேட்டிலும் அது இருக்கிறது. ஆங்கிலத்தில், பொடி எழுத்தில்.

மின்னோட்டம் அளவை மீறினால் தானாக விழுகிற சுவிட்சான எம்.சி.பி. ஏன் விழவில்லை என்று உங்கள் ஊழியர் கேட்டார். விழாது. அந்த வரியில் இருப்பது 16 ஆம்பியர் எம்.சி.பி. 8.7 ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பிளக் உருகி, அதன் பின்னால் இருக்கிற மரப்பெட்டி தீப்பிடித்தால்கூட, கம்பிகள் ஒன்றையொன்று தொடும்வரை அது பேசாமல்தான் இருக்கும். இதை உங்கள் நிறுவனத்தில் ஒருவர் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் உங்களுக்குச் சொல்கிறேன்.

சுவர் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வீட்டுச் சுவர் மண் சாந்தில் கட்டிய செங்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு. நீலகிரியில் பழைய வீடுகள் பல இப்படித்தான். கான்கிரீட்டுக்கும் சிமென்ட் செங்கல் கட்டுமானத்துக்கும் போடுகிற சின்ன பிளாஸ்டிக் குழலையும் திருகாணியையும் இதில் போட்டால், பிடிப்பது பூச்சை மட்டும்தான். இடதுபக்கத் துளைகள் இரண்டும் செங்கல்லில் விழாமல் நடு மண்ணில் விழுந்திருக்கின்றன. துளை போடும்போது செந்தூளுக்குப் பதில் மண் கொட்டியிருக்கும், டிரில்லும் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியிருக்கும். நின்று பார்க்கிற பழக்கம் உள்ளவர் அங்கேயே நிறுத்தியிருப்பார். செங்கல்லின் நடுவில் ஆழமாக ஆங்கர் போல்ட் போட்டிருக்கலாம், அல்லது நீளமான மரச்சட்டத்தைச் சுவரில் பல இடங்களில் இறுக்கி அதன்மேல் மாட்டியிருக்கலாம். மறுநாள் வந்த எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் சுவரை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டே இதைச் சொல்லிவிட்டார். அவர் பிளக் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே விளக்குக்குப் போடுகிற 1 சதுர மில்லிமீட்டர் கம்பி. அதன் உறை ஒரு விரல் நீளத்துக்குக் கருகி, தொட்டதும் முறுக்குபோல நொறுங்கியது.

வந்த பையனைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவருக்கு வேலைக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு நாளில் எத்தனை வீடு முடிக்கிறாரோ அத்தனை பணம். அவர் கையில் தமிழில் ஒரு தாள்கூட நீங்கள் கொடுக்கவில்லை. “பாயின்ட் சரியில்லை, மாட்ட மாட்டேன்” என்று திரும்பிப் போயிருந்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வந்த பெட்ரோல் செலவை நீங்கள் கொடுத்திருப்பீர்களா? அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு எனக்குப் பதில் எழுதினால் நான் அதை ஏற்கமாட்டேன்.

ஜனவரி 13ஆம் தேதி நீங்கள் அனுப்பிய பதிலில் மூன்று வரிகள் இருந்தன. பொருளில் பழுது இல்லை, வீட்டு ஒயரிங் வாடிக்கையாளரின் பொறுப்பு, வேலை முடிந்ததாக வாடிக்கையாளரே உறுதி செய்திருக்கிறார். முதல் வரி உண்மையாகவே இருக்கலாம். கணப்பு இன்றைக்கும் எரியும். ஆனால் ரூ.1,500 வாங்கிக்கொண்டு நீங்கள் விற்றது ஒரு சேவை, அந்தச் சேவைதான் பழுது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, சரியான பயன்பாட்டுக்குப் போதிய வழிகாட்டுதலும் எச்சரிக்கையும் தராத உற்பத்தியாளரையும், குறைபாடான சேவை தந்தவரையும் பொறுப்பாளி ஆக்குகிறது. நான் ஒயரிங் செய்து வைத்திருக்க வேண்டும் என்றால், என்ன ஒயரிங் என்று பணம் வாங்குவதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

எனக்கு வேண்டியவற்றைச் சொல்கிறேன். கணப்பின் விலையும் பொருத்தும் கட்டணமுமாக ரூ.40,000 திரும்ப வேண்டும். பாயின்ட்டையும் கருகிய கம்பியையும் மாற்றியதற்கும் பெயர்ந்த சுவரைப் பூசியதற்கும் ஆன ரூ.6,800 வேண்டும். பில்களை இணைத்திருக்கிறேன். கணப்பைக் கழற்றி எடுத்துப்போக இரண்டு பேர் வரட்டும். ஒருவர் தனியாகத் தூக்கக் கூடாது.

பணத்தைவிட நான் அழுத்திக் கேட்பது வேறொன்று. இந்தக் குளிர்காலத்தில் உதகையிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் நீங்கள் மாட்டிய ஒவ்வொரு வீட்டையும் தொலைபேசியில் அழையுங்கள். கன்வெர்ட்டர் போட்டிருக்கிறதா, பாயின்ட்டுக்குக் கீழே மாட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால், ஆள் வந்து சரிசெய்யும்வரை சூட்டை அணைத்துவிட்டு வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் ஆட்களின் பைகளிலிருந்து அந்தக் கன்வெர்ட்டர்களை எடுத்துவிடுங்கள். இனிமேல் விற்பதற்கு முன்னால் சுவரின் படத்தையும் பாயின்ட்டின் படத்தையும் வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்குங்கள். தனி எம்.சி.பி.யோடு, எர்த்தோடு, குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் வந்த 16 ஆம்பியர் பாயின்ட் இல்லாத வீட்டில் மாட்டாதீர்கள். கையேட்டைத் தமிழில் அச்சிடுங்கள். அதில் “மேலே எதையும் போர்த்தாதீர்கள்” என்பது பெரிய எழுத்தில் முதல் பக்கத்தில் இருக்கட்டும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் துணி காயாத ஊர் இது. அம்மா தன் கம்பளிச் சால்வையைக் கணப்பின் மேல் விளிம்பில் உலர்த்தப் போவதை நானே ஒரு நாள் தடுத்தேன். வெளியில் ஒரு சின்னப் படக்குறி ஒட்டியிருக்கிறது. அது என்ன சொல்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இணைய வணிக விதிகளின்படி இந்தக் கடிதம் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்துக்குள் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரச் சட்டம் இடம் தருகிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை.

உருகிய பிளக், கன்வெர்ட்டர், பாயின்ட், கருகிய கம்பித்துண்டு, மண் ஒட்டிய திருகாணிகள் இரண்டு, எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். கூரியரில் அனுப்பச் சொல்லி உங்கள் அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். அனுப்பமாட்டேன். உங்கள் பொறியாளர் வரட்டும், வீட்டில் வைத்துக் காட்டுகிறேன். பள்ளி வேலை நாட்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் இருப்பேன். அதுவரை அம்மா வெந்நீர்ப் பையோடு கம்பளிக்குள் இருக்கிறார். கரிச்சட்டியை மட்டும் நான் திரும்பக் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: வாங்கிய பில், பொருத்தும் கட்டண ரசீது, பழுதுபார்த்த செலவுப் பில்கள், புகைப்படங்கள் பதினொன்று.