திரும்பி வந்த புற்றுக்கு மறுபடியும் கீமோ

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புற்றுநோய் ஒருமுறை போய்த் திரும்பி வந்துவிட்டால் பிறகு கீமோவுக்குக் கேட்காது என்ற பேச்சு மருத்துவமனை வராந்தாக்களில் உறுதியாகப் புழங்குகிறது. என் தாயாருக்குச் சினைப்பைப் புற்று மறுபடி தலைகாட்டியபோது, உறவினர்களில் பாதிப்பேர் இதைச் சொல்லியே சிகிச்சை வேண்டாம் என்றார்கள்.

புற்றுநோய் மருத்துவரோ முதலில் கேட்டது, கடைசி கீமோ எந்தத் தேதியில் முடிந்தது என்பதைத்தான். கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டினம் வகை மருந்து ஏற்றி முடித்து 6 மாதங்களுக்குப் பின் இந்நோய் திரும்பினால், அதே வகை மருந்து மீண்டும் பலன் தர நல்ல வாய்ப்பு உண்டு. இடைவெளி ஓராண்டைத் தாண்டியிருந்தால் அந்த வாய்ப்பு இன்னும் கூடும். 6 மாதத்துக்குள்ளேயே திரும்பினால், தப்பிப் பிழைத்த செல்கள் அம்மருந்தைத் தாங்கப் பழகிவிட்டன என்று கொண்டு வேறு மருந்துக்கு மாறுவதே நெடுநாள் வழக்கம். பலன் என்பதும் எல்லாப் புற்றுக்கும் ஒன்றன்று. விரைப் புற்றிலும் ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றிலும் இரண்டாம் முறைச் சிகிச்சையால் முழுமையாகக் குணமடைவோர் பலர். சினைப்பைப் புற்றில் அது பெரும்பாலும் கட்டியைச் சுருக்கி, சில மாதங்களையோ ஆண்டுகளையோ பெற்றுத் தருவதோடு நிற்கிறது. இதைக் குடும்பத்தாரிடம் மறைக்காமல் சொன்ன மருத்துவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆனால் அவர் கேட்ட தேதி எங்களிடம் இல்லை. முதலில் சிகிச்சை அளித்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘6 சைக்கிள் (தவணை) கீமோ முடிந்தது’ என்ற ஒரே வரிதான் இருந்தது. மருந்தின் பெயர், அளவு, தேதி எதுவும் இல்லை. அவற்றை வாங்க நான் மூன்று முறை பஸ் ஏற வேண்டியிருந்தது. வாங்கி வந்த தாளைப் பார்த்த பிறகே, முதல் முறை ஏற்றிய பேக்ளிடாக்சலால்தான் தாயாரின் விரல்நுனிகள் மரத்துப்போயின என்பது புரிந்தது. இன்றும் அவரால் ரவிக்கைக் கொக்கியைத் தானாக மாட்ட முடியாது. ஆகவே இம்முறை அதைத் தவிர்த்து, கார்போபிளாட்டினோடு வேறொரு மருந்தைச் சேர்த்தார்கள்.

இம்முறை இரண்டாம் சைக்கிளில் டிரிப்ஸ் ஏறத் தொடங்கிய சிறிது நேரத்தில் உள்ளங்கை அரிப்பதாகச் சொன்னார்; பார்த்தால் இரண்டு கைகளும் சிவந்திருந்தன. செவிலியர் பதறாமல் டிரிப்ஸை நிறுத்தி, தயாராக வைத்திருந்த ஊசியைப் போட்டார். கார்போபிளாட்டினுக்கான ஒவ்வாமை முதல் முறைச் சிகிச்சையைவிட, நோய் திரும்பியபின் தரும் இரண்டாம் முறைச் சிகிச்சையில்தான் அதிகம் வரும் என்பதும், அது தாயாருக்கு 8ஆவது டோஸ் என்பதும் அந்தத் தாளின் தயவால் செவிலியருக்குத் தெரிந்திருந்தது. அடுத்த முறை மருந்தை மிகவும் நீர்க்கக் கலந்து, பல மணி நேரம் மெல்ல ஏற்றினார்கள், அரிப்பு வரவில்லை.

டாக்சோரூபிசின் போன்ற கீமோ மருந்துக்கு வாழ்நாள் உச்சவரம்பே உண்டு. உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 450 முதல் 550 மில்லிகிராமைக் கடந்தால் இதயம் பலவீனமாகும் ஆபத்து வெகுவாக ஏறும். முன்பு எவ்வளவு ஏறியது என்று தெரியாத மருத்துவர் இரண்டாம் முறை எதை வைத்து முடிவெடுப்பார்?

எனவே, கீமோ முடித்து வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் மருந்துகளின் பெயர், மொத்த அளவு, கடைசித் தேதி, நேர்ந்த பக்கவிளைவுகள் ஆகியவற்றைத் தமிழிலும் எழுதிய ஒரு பக்கத் தாளைத் தருவதை, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளுக்கேனும் அரசு கட்டாயமாக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தஞ்சாவூர்