நோன்பு மாதப் பயிற்சிக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

அஸ்ஸலாமு அலைக்கும். ரமலான் பிறந்துவிட்டால் நம் காயல்பட்டினத்துப் பையன்களின் கால்பந்துப் பயிற்சி படுத்துவிடும். பகலில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. இரவில் தராவீஹ் தொழுகை, விடியுமுன் ஸஹர் உணவு என்று தூக்கமும் துண்டுபடும். வளரும் பிள்ளைகளை அந்த நிலையில் வெயிலில் ஓடவிட எனக்கு மனம் வரவில்லை. எனவே இந்த ஆண்டு ஓட்டத்தைக் குறைத்துவிட்டு, பெனால்டி உதையை மனக்காட்சியாக, அதாவது உதைப்பதை மனதிலேயே ஓட்டிப் பார்க்கும்படி, பழக்கினோம்.

யோசனை உடற்கல்விப் பேராசிரியருடையது. துனிசியாவில் நோன்பிருந்த இளம் டென்னிஸ் வீரர்களுக்கு மனக்காட்சிப் பயிற்சி தந்து பார்த்த ஆய்வு 2020இல் வெளியானது. பயிற்சி பெற்றவர்களின் சர்வீஸ் நோன்பு மாதத்திலும் மேம்பட்டது என்று எடுத்துச் சொன்னார். "அது டென்னிஸ்தானே" என்று முணுமுணுத்தவர்களுக்கும் அவரிடம் பதில் இருந்தது. சர்வீஸைப் போலவே பெனால்டியும் ஆடுபவன் தானே தொடங்கும் அடி, குறுக்கே யாரும் வருவதில்லை, மனதில் ஓட்டிப் பார்க்க அதைவிடத் தோதானது எது?

"கண்ணை மூடச் சொன்னால் என் மகன் தூங்கிவிடுவான்" என்றார் ஓர் உம்மா. அனுபவம் பேசியது! பள்ளிவாசல் திண்ணையில் உட்கார வைத்த முதல் நாளே இரண்டு பேர் குறட்டை. மறுநாளிலிருந்து பூட்ஸ் அணிந்து, கோலுக்கு 11 மீட்டர் தள்ளிப் பந்தை வைத்து, நின்றுகொண்டே பழகினார்கள். நிஜ உதைக்கு ஆகும் நேரமே மனதிலும் ஆக வேண்டும். காட்சி தன் கண்வழியே தெரிய வேண்டும். ஒருவனுக்குக் கற்பனையிலும் பந்து கம்பத்தில்தான் பட்டது. பேராசிரியர் அவனை ஓடிவரும் இடத்துக்கே திரும்பப் போகச் சொல்லி, கம்பத்தை விட்டு உள்ளே தள்ளிக் குறிவைக்க வைத்தார். நான்கைந்து முறைக்குப் பிறகு முகம் தெளிந்தது.

மார்க்க ஆசான் ஹஜ்ரத் அவர்களுக்குத் தனி நன்றி. ஓதும் நேரம் கெடாமல் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கால் மணி நேரம் ஒதுக்கித் தந்தார்கள். "மயக்கம் வந்தால் மறைக்காதீர்கள், நோன்பை விட்டுவிட்டுப் பிறகு வேறொரு நாளில் நோற்றுக் களாச் செய்யலாம்" என்று பையன்களிடம் நேரிலேயே சொன்னார்கள். நான் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

நோன்பில்லாத நம் அணிப் பையன்கள் கடிகாரம் பிடித்தார்கள். தராவீஹ் முடிந்து நிஜப் பந்தை உதைத்த இரவுகளில், முன்னாள் கோல்கீப்பர் காக்கா (அண்ணன்) முழங்கால் வலியோடு கோலில் நின்றார். உம்மாமார்கள் அனுப்பிய கஞ்சியையும் வாடாவையும் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் மடல் நீண்டுவிடும்.

பலன் என்னவென்று கேட்கிறார்கள். கோல் கணக்கு காட்ட என்னிடம் எதுவும் இல்லை. உதைக்கும் முன் தயங்கித் தயங்கி ஓடிவரும் பழக்கம் பலரிடம் குறைந்திருப்பதைப் பார்த்தேன். ஓடும்போது மூச்சு தாக்குப்பிடிப்பது குறைந்திருப்பதையும் பார்த்தேன். அதைக் கற்பனையால் ஈடுகட்ட முடியாது. பெருநாள் கழிந்ததும் ஓட்டத்தைத் தொடங்கிவிட்டோம்.

மைதானத்து விளக்கைச் சரிசெய்ய ஏணி தந்தவர் யாரென்று தெரியவில்லை. ஏணி பத்திரமாக இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
பயிற்சியாளர்